வெறும் தண்ணீர் என்று நான் சொன்ன ஊர்

ரங்கூன்
தீபாவளி கழிந்த வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் மட்டும் மாதத்துக்கு ஒன்றாக மாறுகிறது. மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு நான் வாய் திறப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது, பின்னாலேயே கரண்டும் போனது. கோயில் தெருக்காரர் ஒருவர் புதன்கிழமை சிங்கப்பூர் வருகிறார். இந்தக் கடிதத்தையும் அம்மா கட்டி வைத்திருக்கும் லபெட் தேயிலைப் பொட்டலத்தையும் அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒருவகையில் லைன் அறுந்ததும் நல்லதுதான். போனில் என்றால் வழக்கம்போல ஏதாவது மழுப்பியிருப்பேன்.

டிசம்பர் லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், மாப்பிள்ளை நெட்டில் இன்டெய்ன் என்று ஓர் ஊரின் படம் பார்த்துவிட்டு அங்கேதான் போகவேண்டும் என்கிறார், அது நீங்கள் தக்காளி எடுக்கப் போகிற இன்லே ஏரிப் பக்கம்தானே என்று கேட்டாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சின்ன வயசுல நானும் வரேன்னு அழுதப்போ, அங்க வெறும் தண்ணிதாம்மா இருக்குன்னு சொன்னீங்களேப்பா" என்றாய். உனக்கு அப்போது ஒன்பது வயது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, மறக்கவில்லை நீ.

சொன்னது பொய். அங்கே தண்ணீரும் இருக்கிறது, மற்றதும் இருக்கிறது. உன்னைக் கூட்டிப் போகாததற்குக் காரணம் பஸ் செலவு இல்லை. அங்கே நான் கூடைக்கு இரண்டு கியாட் குறைக்க அரைமணி நேரம் பேசுகிற ஆள். "இதில் புள்ளி விழுந்திருக்கிறது, அது பிஞ்சு" என்று ஒவ்வொன்றாகத் தள்ளுகிற ஆள். பக்கத்தில் பிள்ளையை நிறுத்திக்கொண்டு அதைச் செய்ய எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். இப்போது வியாபாரத்தை விட்டாயிற்று, சொல்லலாம்.

நான் முதலில் இன்டெய்ன் போனதை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. 1987-இல் எனக்கு 24 வயது. தக்காளிக்கு மழைக்காலத்தில்தான் விலை. கீழ்நாட்டு வயலெல்லாம் முழங்கால் தண்ணீரில் கிடக்கும்போது இன்லேயில் மட்டும் செடி மிதந்துகொண்டே காய்க்கும். தாத்தாவின் கூட்டாளி ஒருவர் வழி சொல்லிக்கொடுக்க, ரங்கூனிலிருந்து தாஸி வரை ஒரு ரயில், தாஸியிலிருந்து ஷ்வேஞாங்குக்கு மலை ரயில். அந்த மலை ரயில் கலோ ஏற்றத்தில் நேராக ஏறாது. கொஞ்சம் முன்னால் போகும், நிற்கும், பின்னால் ஏறும், மறுபடி முன்னால். செக்கு மாடு மாதிரி அலுத்துக்கொண்டே மலையேறிவிடும். இறங்கும்போது கால் மரத்துப் போயிருக்கும், காற்று மட்டும் சில்லென்று வேறு தேசத்துக் காற்றாக இருக்கும். ஏரியே கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் கிடக்கிறது.

செப்டம்பர் 5, சனிக்கிழமை. அன்று இன்டெய்னில் சந்தை முறை. அந்தப் பக்கத்தில் ஐந்து நாளுக்கு ஒரு சந்தை ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருக்கும்; இன்றைக்கு இந்த ஊர் என்றால் நாளைக்கு வேறு ஊர், ஐந்தாம் நாள் திரும்ப இங்கே. மலையிலிருந்து பா-ஓ இனப் பெண்கள் கறுப்பு உடுப்பும் தலையில் ஆரஞ்சு நிறத் துண்டுக் கட்டுமாக விடியலிலேயே இறங்கி வந்திருந்தார்கள். நான் டீக்கடையில் உட்கார்ந்து விலை என்ன ஓடுகிறது என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் அறிவிப்பு. 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனிச் செல்லாது, மாற்றித் தருவதும் கிடையாது. என் இடுப்புப் பையில் இருந்ததெல்லாம் பெரும்பாலும் 75.

சந்தை ஒரு நிமிஷம் சத்தமே இல்லாமல் நின்றது பார், அதை மட்டும் என்னால் எழுதிக்காட்ட முடியாது.

நம் வீட்டுக்கு இது புதுசில்லை. 1964-இல் 50, 100 நோட்டுகள் செல்லாமல் போனதும், கடை அரசாங்கத்துக்குப் போனதும், சொந்தக்காரர்களில் பாதிப்பேர் கப்பலேறியதும் தாத்தா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். ஆனால் கேட்ட கதை வேறு, இடுப்பில் கட்டியிருக்கும் கதை வேறு. திரும்பிப் போக ரயில் காசுகூடக் கையில் இல்லை.

அப்போதுதான் அக்கோ வந்தார். பெயர் சொன்னால் உனக்குப் புரியாது, நான் கடைசிவரை அக்கோ, அண்ணன், என்றுதான் கூப்பிட்டேன். யுவாமா பக்கம் ஏரிக்குள் மிதக்கும் தோட்டம் வைத்திருந்தவர், மனைவி இன்டெய்ன்காரி. "வா, சோறு இருக்கிறது" என்று மாமனார் வீட்டுக்குக் கூட்டிப் போனார். நாலு நாள் அங்கே இருந்தேன். அவர்கள் சேமித்து வைத்திருந்ததும்தான் செல்லாமல் போயிருந்தது. அவர் மாமியார் ஒரு 35 கியாட் நோட்டை எடுத்து, திரி மாதிரி முறுக்கி, அடுப்பில் காட்டி, அதில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தாள். ஐந்தாம் நாள் அக்கோ நாற்பது கூடைக் காய் ஏற்றிவிட்டு, "விற்றுவிட்டு வந்து கொடு" என்றார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. அப்புறம் அரசாங்கம் 45, 90 என்று புது நோட்டு விட்டது. முதல் கடனை நான் 90 கியாட் நோட்டுகளாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கோ ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இது எத்தனை நாளைக்கு?" என்றார்.

இப்படி ஆரம்பித்தது. முப்பது வருஷம் போனேன். படகுத்துறை, கூடை, தராசு, டீக்கடை, திரும்பு. துறைக்குப் பின்னாலேயே ஒரு குன்று, அதன் மேல் ஏதோ கோபுரங்கள். மேலே ஏறினதே இல்லை. 2016-இல் அம்மா பிடிவாதமாக வந்தாளே, நீ அப்போது சிங்கப்பூரில் வேலையில் சேர்ந்த புதிது. துறையில் இறங்கினதும் அம்மா கேட்டாள்: "அந்தக் குன்று மேல என்ன இருக்கு?" தெரியாது என்றேன். "எத்தனை வருஷமா வர்றீங்க?" பதில் சொல்லவில்லை.

இனி மாப்பிள்ளை கேட்டதற்கு வருகிறேன்.

இன்டெய்ன் ஏரிக்கரையில் நேராக இல்லை. ஏரியின் மேற்குப் பக்கத்திலிருந்து ஓர் ஓடை வழியாகப் படகில் உள்ளே போக வேண்டும். அந்த ஓடைதான் அழகில் பாதி. குறுக்கே மூங்கில் தட்டி கட்டித் தண்ணீரைத் தேக்கியிருப்பார்கள், நடுவில் படகு நுழைய மட்டும் ஓர் இடைவெளி. படகுக்காரன் இன்ஜினைத் தூக்கிப் பிடித்துச் சரேலென்று ஏறுவான். உன் மகன் கத்துவான் பார். இரண்டு பக்கமும் எருமை குளிக்கும், பெண்கள் துவைப்பார்கள், வயல், மூங்கில் புதர். ஞாங்ஷ்வே ஊரில் படகேறினால் எல்லாம் சேர்த்து ஒன்றரை, இரண்டு மணி நேரம். படகு நீளமாக, ஒல்லியாக, ஒருவர் பின் ஒருவராக நாற்காலி போட்டிருக்கும். இன்ஜின் சத்தத்தில் பேச முடியாது. உன் அம்மாவும் நானும் சண்டையில்லாமல் போன பயணம் அது ஒன்றுதான்.

துறையில் இறங்கினதும் கீழேயே ஒரு கூட்டம் இடிந்த ஸ்தூபிகள், ஞாங் ஓஹாக் என்பார்கள். செங்கல் மேல் பூசின சுண்ணாம்புச் சுதையில் தேவதை, மயில், சிங்கம், கருடன். பாதி முகம் உதிர்ந்திருக்கும், மீதிப் பாதி நேற்றுச் செய்தது போல இருக்கும். செங்கலைப் பிளந்துகொண்டு மரம் வளர்ந்திருக்கிறது. சிலதில் மரம்தான் ஸ்தூபியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது, வெட்டினால் இரண்டும் விழும். நம் ஊர்ப்பக்கம் பாழடைந்த சிவன் கோயில் விமானத்தில் அரசமரம் முளைத்திருக்கும் என்று தாத்தா சொல்வாரே, அந்தப் படம்தான். தாத்தா சொன்ன ஊரை நான் பார்த்ததில்லை. இதைப் பார்த்தேன்.

அங்கிருந்து குன்றுக்குக் கூரை போட்ட நடைபாதை, இரு பக்கமும் நூற்றுக்கணக்கில் மரத்தூண். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். வழி நெடுகக் கடைகள், அங்கே நிற்காதே, திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். மேலே ஷ்வே இன்டெய்ன் பகோடா. அதைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்தூபிகள், இரண்டு ஆள் உயரத்திலிருந்து மாடி உயரம் வரை, ஒன்றோடு ஒன்று தோள் உரசிக்கொண்டு, சிலது சாய்ந்துகொண்டு. ஊரார் அசோகச் சக்கரவர்த்தி காலத்தில் தொடங்கியது, பகான் அரசர் அனவ்ரத்தா காலத்தில் வளர்ந்தது என்பார்கள். இன்று நிற்பவற்றில் பெரும்பாலானவை 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தவை. அசோகர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல், மற்றதை மாப்பிள்ளைக்குச் சொல்.

எல்லா ஸ்தூபிக்கும் உச்சியில் ஹ்டீ என்று ஒரு குடை, அதில் சின்னச் சின்ன மணிகள். காற்று அடித்தால் ஒன்று தொடங்கும், பக்கத்தில் இருப்பது எடுக்கும், அப்படியே குன்று முழுக்கப் போகும். கீழே தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இந்தச் சத்தத்தை முப்பது வருஷம் கேட்டிருக்கிறேன். மாட்டு மணி என்று நினைத்திருந்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது, இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஒரு குறை சொல்லிவிடுகிறேன். நிறைய ஸ்தூபிகளைப் புதுப்பித்துவிட்டார்கள். சிமெண்ட் பூசி, பொன்வண்ணம் அடித்து, கொடுத்தவர் பெயரைக் கல்லில் போட்டு. புண்ணியம்தான், மறுக்கவில்லை. பழசைப் பழசாக விடுவதைவிட அதை நிமிர்த்துவதுதான் அவர்களுக்குத் தர்மம். ஆனாலும் கும்பாபிஷேகம் என்று பழைய கற்சிலைக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கிறதைப் பார்த்தால் எனக்கு வருகிற எரிச்சல் அங்கேயும் வந்தது. நீங்கள் பின்பக்கச் சரிவுக்குப் போங்கள். அங்கே இன்னும் கை படாதவை இருக்கின்றன, கூட்டமும் வராது.

ஞாங்ஷ்வேயில் பகல் சுற்றுக்குப் படகு பிடித்தால் எல்லோரையும் ஒரே தடத்தில் சுற்றுவார்கள். ஏரி முகப்பில் ஒருவன் ஒற்றைக்காலில் நின்று கூம்புக் கூடையைத் தூக்கிக் காட்டுவான்; படம் எடுத்தால் காசு. அவன் மீன் பிடிக்கவில்லை. நிஜமாகப் பிடிக்கிறவர்கள் தூரத்தில் நீள வலை போட்டுக்கொண்டு, உன்னைப் பார்க்காமல் இருப்பார்கள். அந்தக் கால் துடுப்பு வித்தை இல்லை. ஏரியில் பாசியும் நாணலும் அவ்வளவு. உட்கார்ந்தால் வழி தெரியாது, நிற்க வேண்டும். துடுப்பை ஒரு காலால் சுற்றிப் பிடித்துத் தள்ளினால் இரண்டு கையும் வலைக்கு மிஞ்சும். பெண்கள் உட்கார்ந்து கையால்தான் துடுப்புப் போடுவார்கள்.

கழுத்தில் பித்தளை வளையம் போட்ட பெண்களைச் சில கடைகளில் உட்கார வைத்திருப்பார்கள். அவர்கள் ஏரிக்காரர்கள் இல்லை, வேறு மலையிலிருந்து கூட்டி வந்து உட்கார வைத்தவர்கள். அங்கே படகை நிறுத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. பேத்தி கேட்டால் என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்.

பௌங்டோ ஊ பகோடாவுக்குப் போகலாம், போக வேண்டும். ஐந்து சின்னப் புத்தர் சிலைகள். பக்தர்கள் தங்க ரேக்கை ஒட்டி ஒட்டி, கண் மூக்கு எதுவும் இல்லாமல் ஐந்து பொன்னுருண்டைகளாக ஆகிவிட்டன. பிள்ளையாருக்குச் சந்தனக்காப்பு சாத்திச் சாத்தி ஒரு தடவையும் களையாமல் விட்டால் எப்படியோ அப்படி. மழை முடிகிற தடின்ஜுட் மாதத்தில் அன்னப்பறவைப் படகில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள், நூற்றுக்கணக்கானோர் வரிசையாக நின்று காலால் துடுப்பிடுவார்கள். ஆனால் நாலு சிலைதான் போகும். 1965-இல் புயலில் படகு கவிழ்ந்து ஐந்தும் தண்ணீரில் விழ, நாலைத்தான் எடுக்க முடிந்ததாம். ஐந்தாவது, பாசி அப்பின உடம்போடு, கோயிலில் அதன் இடத்தில் போய் உட்கார்ந்திருந்ததாம். அதிலிருந்து அது வீட்டைக் காக்கும். அம்மாவுக்கு அங்கே கோபம்: ரேக்கு ஒட்டுவது ஆண்கள் மட்டும்தான், பெண்கள் கீழே நின்று பார்க்கலாம். நீயும் தயாராகப் போ. நான் ஒட்டினேன். யாருக்காக என்று அம்மா கேட்டாள். அக்கோவுக்காக என்றேன். அவர் அதற்கு முந்தின வருஷம்தான் போய்ச் சேர்ந்திருந்தார்.

தோட்டம் பார்க்காமல் வராதே. உன்னைப் படிக்க வைத்தது அதுதான். ஏரியில் தானாக மிதந்து திரியும் புல்லும் வேரும் பின்னிய மெத்தையை ரம்பத்தால் நீளநீளமாக அறுத்து, படகில் கட்டி இழுத்து வந்து, மூங்கிலைத் தரைவரை இறக்கிக் குத்தி நிறுத்துவார்கள். மேலே ஏரிப் பாசியும் சேறும். அதில் தக்காளி. கோடையில் ஆளுக்கு மேல் கொஞ்சம் ஆழம், மழையில் இன்னும் ஐந்தடி ஏறும். தண்ணீர் ஏறினால் தோட்டமும் ஏறும், வெள்ளம் என்ற பேச்சே இல்லை. ஓரத்தில் கால் வைத்துப் பார், மெத்தை மாதிரி அமுங்கும். நடுவில் நிற்காதே, ஒரு தடவை இடுப்புவரை போனேன், லுங்கியோடு தூக்கினார்கள்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அந்த ஏரி சுருங்குகிறது. 1935-இல் திறந்த தண்ணீர்ப் பரப்பு 69 சதுர கிலோமீட்டர், 2000-இல் 47-க்கும் கீழே என்று ஆராய்ச்சிக்காரர்கள் அளந்தார்கள். மலையில் மரம் போய் மண் கரைந்து இறங்குகிறது. தோட்டம் ஒரு தடவை கட்டினால் நாளடைவில் அந்த இடம் தரையாகிவிடுகிறது. மருந்தும் உரமும் நேராகத் தண்ணீரிலேயே விழுகிறது. மருந்து ஏன் அடிக்கிறார்கள்? புள்ளி விழுந்த காயை நான் தள்ளினேன் இல்லையா, அதனால் அடிக்கிறார்கள். ரங்கூனில் யாரும் புள்ளித் தக்காளி வாங்குவதில்லை, நான் என்ன செய்ய என்று அக்கோவிடம் சொல்லியிருக்கிறேன். அவர், "நாங்கள் குடிக்கிற தண்ணீர் இதுதான்" என்றார், கோபமாக இல்லை. 2015-இல் யுனெஸ்கோ அந்த ஏரியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது, இந்த நாட்டிலேயே முதலாவது. அதன் பிறகும் நான் புள்ளிக் காயைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன்.

பேச்சுக் காது உனக்கு உண்டு, அதனால் இது. ஏரிக்காரர்களுக்கு இன்தா என்று பெயர், ஏரிப் பிள்ளைகள் என்று அர்த்தம். தவாயிலிருந்து வந்த இரண்டு சகோதரர்களின் வழி என்று தங்களைச் சொல்வார்கள். கதையோ நிஜமோ, நம் பர்மியப் பேச்சில் தேய்ந்து போன ஒரு 'ல' அவர்கள் வாயிலும் தவாய்க்காரர் வாயிலும் இன்னும் நிற்கிறது. மோல்மீனில் உன் அத்தை வீட்டுக்கு எதிரில் இருந்த தவாய்க் கிழவியின் பேச்சு நினைவிருக்கிறதா? முதல் நாள் அக்கோ வீட்டில் எனக்குப் பாதி அந்நியம் போனது அதனால்தான். மீதி போனது ஷான் தோஃபுவால். அது சோயாவில் இல்லை, கடலைமாவில் கிண்டுவது. எண்ணெயில் பொரித்துக் கொடுத்தார்கள். கடித்துப் பார்த்தால் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தம்பி. மஞ்சள் போட்டுப் பிசைந்த மீன் சோறும் கொடுப்பார்கள், டமின் ஜின் என்று. பூண்டு கடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். மாப்பிள்ளை சைவம், அவருக்கு உருளைக்கிழங்கில் பிசைந்து தரச் சொல்கிறேன்.

ஞாங்ஷ்வே ஊரில் பழைய ஷான் மன்னர் மாளிகை இருக்கிறது. அங்கே ஆண்ட சாவ் ஷ்வே தைக்தான் 1948-இல் இந்த நாட்டின் முதல் ஜனாதிபதி. 1962-இல் சிறையில் இறந்தார். மரவேலைக்காகவே ஒரு மணி நேரம் போகலாம்.

இப்போது வீட்டு விஷயம். 2025 மார்ச் 28 நில நடுக்கத்தில் மாண்டலே, சகாயிங் பட்ட பாட்டை நீ அங்கே டிவியில் பார்த்தாய். ஏரியைப் பற்றி ரொம்பப் பேர் பேசவில்லை. அங்கே வீடெல்லாம் சேற்றில் நட்ட கால்மேல் நிற்பவை. சேறு ஆடினால் கால் நிற்குமா? வீடு வீடாகத் தண்ணீரில் மடிந்து உட்கார்ந்தன. நாலு நாள் அக்கோ மகனுக்கு லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது, "எல்லோரும் இருக்கிறோம், வீடு மட்டும் குளிக்கப் போயிருக்கிறது" என்றான், அப்பனைப் போலவே. மே மாதம் போய்ப் பார்த்தேன். கையில் இருந்ததைக் கொடுத்தேன், எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்காதே. அவளுக்குப் பாதிதான் தெரியும்.

புதுக் கால் நட்டுவிட்டார்கள். ஆனால் கல்யாணமாகிப் போன மகளும் குடும்பத்தோடு அங்கேயே வந்துவிட்டதால் இடமில்லை. இன்டெய்னில் அமேவின், அதாவது அக்கோ மனைவியின், தாய்வீட்டில் தங்குங்கள், நான் 1987-இல் படுத்த அதே திண்ணை அறை. ஹோட்டல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு இரவாவது அங்கே இருங்கள். பகல் படகெல்லாம் நாலு மணிக்குத் திரும்பிவிடும், அதற்குப் பிறகுதான் அந்த ஊர் ஊராகிறது. சந்தை நாளாகப் பார்த்து வா. முறை எந்தத் தேதியில் விழும் என்று கேட்டுச் சொல்கிறேன்.

ரோடு வழி வேண்டாம், தாஸி ரோட்டு நிலவரம் நாளுக்கு நாள் மாறுகிறது. ரங்கூனிலிருந்து ஹேஹோவுக்கு விமானம், அங்கிருந்து கார் ஒரு மணி நேரம். அதையும் கிளம்புவதற்கு முந்தின வாரம் நான் சரி என்று சொன்னால்தான். உன் பாஸ்போர்ட்டுக்கு இப்போது வெளிநாட்டுக்காரர் நுழைவுக் கட்டணம் உண்டு. பர்மிய மொழியில் எவ்வளவு பேசினாலும் விடமாட்டார்கள். விடியற்காலைப் படகில் பிள்ளைகளுக்குப் பல் கிட்டிக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் வராதே. கடற்பறவைகளுக்குப் பொரி வாங்கிப் போடுவதைச் சின்னவன் விடமாட்டான், ஒரு பொட்டலத்தோடு நிறுத்து.

சாமான் என்று எதுவும் தூக்கி வராதே. சாக்லேட் அங்கே யாருக்கும் பிடிக்காது. ஒன்றே ஒன்று. அமே எழுபத்தைந்தைத் தாண்டியாயிற்று, இன்றைக்கும் திண்ணையில் உட்கார்ந்து சுருட்டுச் சுருட்டுகிறாள். மே மாதம் போனபோது இலையை மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தாள். இங்கே விற்கிற கண்ணாடிக்கு ஒரு மாதத்தில் காது ஒடிந்துவிடுகிறது. படிக்கிற கண்ணாடி, இரண்டரைப் பவர், உறுதியானதாக ஒன்று வாங்கி வா. கறுப்பு ஃபிரேம் வேண்டாமாம். தக்காளிச் சிவப்பில் கிடைக்குமா என்று கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா